கிளை தேடும் கால்கள்

போளூரிலிருந்து கிழக்கு நோக்கி வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால், சுமார் 80 கிலோமீட்டரில் அது வேடந்தாங்கல் ஏரியைத் தொடும். மேலும் முப்பது கிலோமீட்டர் போனால், பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே வங்கக் கடலில் இறங்கும். மூன்று இடங்களும் ஏறக்குறைய 12½ பாகை வட அட்சரேகையில் அமைந்தவை. கோட்டின் மேற்கு முனையில் ஜவ்வாது மலை நிற்கிறது. அந்த மலையில் பிறக்கும் செய்யாறு, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்ந்து, கோட்டின் கிழக்கு முனையில் கடலுக்குப் போகிறது.

இந்த நூற்றுப்பத்து கிலோமீட்டருக்குள் மரங்கள் மூன்று முறை மாறுகின்றன. மலைச்சரிவில் சந்தனமும் பாறை இடுக்கில் வேர்விட்ட அத்தி வகைகளும். சமவெளி ஏரிகளுக்குள் நீர்க்கடம்பும் கருவேலமும். கடலோரத்தில் பாலையும் பனையும் சவுக்கும், உப்புநீர் ஏறும் கழிமுகங்களில் அலையாத்தியும். மரம் மாறும் இடத்திலெல்லாம் பறவைகளும் மாறுகின்றன.

அரிய பறவை ஒன்றைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அதன் படத்தைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள்: அலகின் நிறம், வாலின் நீளம், கழுத்துப் பட்டை. களத்தில் பல ஆண்டுகள் நின்று பழகியவர்களோ முதலில் மரத்தைத் தேடுகிறார்கள். எந்த மரம், அதன் அடியில் தண்ணீர் நிற்கிறதா, கிளை எவ்வளவு பருமன், பழம் உண்டா என்று பார்க்கிறார்கள். அதற்கான காரணம் பறவையின் காலில் தொடங்குகிறது.

விரல்களின் கணக்கு

பறவையின் காலில் பின்பக்கமாக மடங்கும் மூட்டை முழங்கால் என்று பலர் நினைக்கிறார்கள். அது கணுக்கால். உண்மையான முழங்கால் இறகுகளுக்குள் உடலோடு ஒட்டி மறைந்திருக்கிறது. கால் தசைகளிலிருந்து புறப்படும் நீண்ட தசைநாண்கள் கணுக்காலின் பின்புறமாக இறங்கி விரல் நுனிவரை போகின்றன. பறவை கிளையில் குந்தும்போது கணுக்கால் மடங்குகிறது; நாண்கள் இழுபடுகின்றன; விரல்கள் கிளையைச் சுற்றி மூடுகின்றன. நாணின் ஒரு பகுதியில் உள்ள சிறு புடைப்புகள் அதைச் சூழ்ந்த உறையின் வரிகளில் பதிந்துகொள்வதால் பிடி நழுவாமல் நிற்கிறது.

தூங்கும் பறவை கீழே விழாததற்கு இந்த அமைப்பு ஒன்றே போதும் என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பீட்டர் கால்டனும் ஜெஃப்ரி ஷெப்பர்டும் ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளை வைத்துச் சோதித்தபோது விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. உறங்கும் பறவைகளின் விரல்கள் கிளையை இறுகப் பற்றியிருக்கவில்லை. அவை உடல் எடையைக் கிளைமீது சமநிலையில் நிறுத்தியே தூங்கின. உறக்கத்திலும் அந்தச் சமநிலையைக் காக்கும் வேலை ஓயவில்லை. கிளையின் பருமனும் சாய்வும் பறவைக்கு ஏன் முக்கியம் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

எல்லாப் பறவைக்கும் கிளை தேவையில்லை. பூநாரையின் பின்விரல் மிகச் சிறியது. கிளையைப் பற்ற அது உதவாது. ஆழமற்ற நீரிலும் சேற்றிலும்தான் அதன் வாழ்க்கை. கொக்கு இனங்களுக்குப் பின்விரல் நீளமானது. முன்விரல்களின் அதே மட்டத்தில் அமைந்திருப்பதால் மெல்லிய கிளையையும் அவை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். கூழைக்கடாவும் நீர்க்காகமும் வியப்பூட்டும் விதிவிலக்குகள். நான்கு விரல்களையும் சவ்வு இணைக்கும் நீச்சல் கால் அவற்றுடையது. இருந்தும் அவை மரத்தில் ஏறுகின்றன, மரத்திலேயே கூடு கட்டுகின்றன. நான்கு கிலோவுக்குக் குறையாத உடலும் இரண்டு மீட்டரைத் தாண்டும் சிறகு விரிவும் கொண்ட புள்ளி அலகுக் கூழைக்கடா மரத்தில் இறங்க வேண்டுமென்றால், மேலே திறந்த வானமும் கீழே தாங்கும் கிளையும் இரண்டுமே வேண்டும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக அது வைக்கப்பட்டிருக்கிறது. அதன் எதிர்காலம் மீன் வளத்தோடு மர வளத்தையும் பொறுத்தது.

மலைச்சரிவில்

கோட்டின் மேற்கு முனையில் தொடங்கலாம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையில், பாறைகள் துருத்தி நிற்கும் சரிவுகளும் புதர்க்காடும் மாறி மாறி வரும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இத்தகைய பாறைக் குன்றுகளுக்கு உரிய பறவை மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. பறவையியலாளர் தாமஸ் ஜெர்டன் 1840களில் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று இது அழிவு அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பாறை இடுக்குகளில் வளரும் அத்தி வகைகளின் பழங்களும் பூச்சிகளும் இதன் உணவு. குன்றைக் கல்குவாரியாக்கும்போது மரம் போகிறது, பாறையும் போகிறது. இரண்டும் சேர்ந்திருக்கும் இடத்தில் மட்டுமே வாழப் பழகிய பறவைக்கு அடுத்த குன்று வெகு தொலைவில் இருக்கிறது.

ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பெயர்பெற்றது. சந்தன மரம் ஓர் அரை ஒட்டுண்ணி: இலைகளால் உணவு தயாரித்துக்கொண்டாலும், பக்கத்துச் செடிகளின் வேர்களில் தன் வேரைப் பொருத்தி நீரையும் உப்புகளையும் உறிஞ்சிக்கொள்ளும். அது தழைக்க அண்டை மரம் வேண்டும். பரவப் பறவை வேண்டும். கறுத்துப் பழுத்த சந்தனப் பழத்தைக் குயிலும் சின்னான்களும் விழுங்கி, கொட்டையை வேறு புதர்களில் எச்சத்தோடு இடுகின்றன. புதரடியில் விழும் கொட்டைக்கு நிழலும் கிடைக்கிறது, ஒட்டிக்கொள்ள வேரும் கிடைக்கிறது. மரத்தில் அமரும் பறவைதான் மரத்தை நடுகிறது என்பதை இதைவிட நேராகக் காட்டும் சான்று அரிது.

தண்ணீருக்குள் நிற்கும் மரம்

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரிகள் நிரம்பிய ஆண்டுகளில், கோட்டின் நடுப்பகுதி உயிர்பெறுகிறது. வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். அதற்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் சங்குவளை நாரை, நத்தைக்குத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கொக்கு வகைகள், கூழைக்கடா எல்லாம் நவம்பரிலிருந்து மார்ச் வரையிலும் அதற்குப் பிறகும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

நீர்க்கடம்பு மாதக்கணக்கில் தண்ணீரில் மூழ்கி நின்றாலும் அழுகாது. கோடையில் ஏரி வறண்டாலும் தாங்கும். சரம் சரமாகத் தொங்கும் சிவந்த பூக்களை இரவில் விரிக்கும் இந்த மரத்துக்கு, ஏரியின் ஏற்ற இறக்கம் பழகிப்போன ஒன்று. மரத்தைச் சுற்றி நீர் நிற்கும் வரையில் காட்டுப்பூனையும் நரியும் கூடுகளை நெருங்க முடியாது. அதனால்தான் ஏரி நிரம்பாத ஆண்டில், மரங்கள் அப்படியே இருந்தும் பறவைகள் கூடு கட்ட வருவதில்லை. வந்தாலும் விரைவில் கலைந்துவிடுகின்றன.

ஒரே மரத்துக்குள்ளும் இட ஒதுக்கீடு உண்டு. உச்சியில் நாரைகளும் கூழைக்கடாக்களும் அமைகின்றன. அகலச் சிறகுகளை விரித்து இறங்க அங்கேதான் இடம். நடுவிலும் அடியிலும் கொக்குகளும் வக்காக்களும் சிறிய நீர்க்காகங்களும் இருக்கின்றன. தொலைநோக்கியை மரத்தின் உச்சியிலிருந்து மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால், பறவைகளின் உடல் அளவு படிப்படியாகக் குறைவதைக் காணலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் தளத்துக்குத் தளம் வேறு குடும்பங்கள் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. அதில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுதி. நிலத்தில் நிற்கும் மரமாக இருந்தால், இவ்வளவு எச்சம் இலையைக் கருக்கி, மண்ணைக் கெடுத்து, சில ஆண்டுகளில் மரத்தையே பட்டுப்போகச் செய்யும். கூட்டமாகக் கூடு கட்டும் இடங்கள் பலவற்றில் அப்படி நடந்திருக்கிறது. ஏரியில் தண்ணீர் அதைக் கரைத்து எடுத்துச் செல்கிறது. உரமேறிய அந்த நீர் மதகு வழியாக நெல்வயலுக்குப் பாய்கிறது.

வேடந்தாங்கல் உழவர்கள் இந்தக் கணக்கை வேதியியல் பாடம் வருவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, உழவர்கள் செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். 1936இல் அரசு ஏரியைச் சரணாலயமாக அங்கீகரித்தது. 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன.

ஏரியின் பரப்பு சிறிது என்றாலும், சரணாலயத்தின் எல்லை ஏரிக்கரையோடு முடியவில்லை. சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை போகிறது. குஞ்சுகளுக்கான நத்தையும் மீனும் தவளையும் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும்தான் கிடைக்கின்றன. 2020இல் இந்த ஐந்து கிலோமீட்டரை மூன்றாகச் சுருக்கும் முன்மொழிவு எழுந்தபோது பறவை ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்ததற்குக் காரணம் இதுதான். கூட்டு மரத்தை மட்டும் விட்டுவைத்து, இரை தேடும் வயலை இழந்தால், மரத்தில் கூடு நிலைக்காது.

வேண்டாத மரம், வேண்டிய கிளை

மரங்களைப் பற்றிய எந்தப் பேச்சிலும் சீமைக்கருவேலம் வந்துவிடும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த முள்மரம் தமிழ்நாட்டின் ஏரிகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் கட்டுக்கடங்காமல் பரவியிருக்கிறது. அதை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. நாட்டுச் செடிகளை நெருக்கி, மேய்ச்சல் நிலத்தை விழுங்கும் மரம் என்பதில் ஐயமில்லை.

அதே மரத்தில்தான் நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு வைத்திருக்கின்றன. நாட்டுக் கருவேலம் குறைந்துபோன ஏரிகளில், தண்ணீருக்குள் நிற்கும் ஒரே முள்மரமாக அது எஞ்சியிருக்கிறது. பறவை அதன் தாவரவியல் வரலாற்றைப் பார்ப்பதில்லை. கிளை, முள், நீர், உயரம் இவற்றைப் பார்க்கிறது. எனவே ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் பொக்லைன் வைத்துப் பிடுங்கினால், அடுத்த மழைக்காலத்தில் கூடு கட்ட இடமிருக்காது. முதலில் நீர்க்கடம்பையும் நாட்டுக் கருவேலத்தையும் நட்டு, அவை நாரையின் எடையைத் தாங்கும் பருமனை எட்டிய பின், கூடு இல்லாத மாதங்களில் சீமைக்கருவேலத்தைப் படிப்படியாக எடுப்பதே பறவைகளுக்கு ஊறு செய்யாத வழி. அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஏரியைத் தூர்வாரத் திட்டமிடுகிறவர்களின் கால அட்டவணையில் அந்த ஆண்டுகளுக்கும் இடம் இருக்க வேண்டும்.

கடலோரக் காடு

கடற்கரை என்றதும் சவுக்குத் தோப்புதான் பலருக்கு நினைவுக்கு வரும். சவுக்கு 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காக இந்தக் கரையில் பரப்பப்பட்டது. அதற்கு முன்பு சோழமண்டலக் கரையை மூடியிருந்தது வறண்ட பசுமைமாறாக் காடு. பாலை, வீரை, காசான் போன்ற தடித்த சிற்றிலை மரங்கள், உயரம் அதிகமில்லாமல், நெருக்கமாக நிற்கும் காடு. அதன் எச்சங்கள் இன்று பெரும்பாலும் கோயில்காடுகளாகவே இருக்கின்றன. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு அவற்றில் ஒன்று. தெற்கே கோடியக்கரையில் இதே காடு பெரிய பரப்பில் பிழைத்திருக்கிறது.

இந்தக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை சதைப்பற்றுள்ள பழங்களைத் தருகின்றன. வலசை வரும் பறவைகளுக்கு அவை வழியுணவு. கோடியக்கரையில் உகா மரத்தின் சிறு பழங்களையும் பாலைப் பழங்களையும் பறவைகள் தேடித் தின்கின்றன. 1967இல் சரணாலயமான கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்துவருகிறது. 2002இல் அது ராம்சர் தலமானது. தமிழ்நாட்டில் அந்தத் தகுதியை முதலில் பெற்ற இடம் அதுவே.

வலசை வருகிறவற்றில் மனதைக் கொள்ளைகொள்ளும் பறவை ஆறுமணிக்குருவி. பச்சை முதுகும் நீலத் தோள்பட்டையும் சிவந்த அடிவயிறும் குட்டை வாலும் கொண்ட இது, இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பறக்கும். களைத்துப்போய்ச் சென்னையின் வீட்டுத் தோட்டங்களில் இறங்கி நிற்பதும் உண்டு. விடியலிலும் அந்தியிலும் அதன் இரட்டைச் சீழ்க்கை கேட்கும். பகலில் மரத்தடியின் உலர்ந்த சருகுகளைக் கிளறிப் புழு பூச்சி தேடும்; இரவில் கிளையில் தங்கும். அதற்கு மரத்தின் கிளையைப் போலவே மரத்தடியின் குப்பையும் தேவை. சருகைக் கூட்டிச் சுத்தமாக வைத்த பூங்காவில் அதற்கு இரை கிடைக்காது. யாரும் சருகை அள்ளாத கோயில்காட்டில் கிடைக்கும்.

உப்புநீரில் வேர்விட்டவை

கீழ்ப்புத்துப்பட்டிலிருந்து சற்று வடக்கே கழுவேலி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகச் சோழமண்டலக் கரையின் பெரிய உவர்நீர் ஏரி இது. 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. போளூர்க்காரர்களுக்கு வந்தவாசி, திண்டிவனம் வழியாக எளிதில் எட்டக்கூடிய கடலோர ஈரநிலம். முன்பு இதன் கழிமுகத்தில் அலையாத்திக் காடு இருந்தது. இன்று சிதைந்த திட்டுகளே மிச்சம். முழுமையான அலையாத்திக் காட்டைப் பார்க்க இன்னும் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள பிச்சாவரத்துக்குப் போக வேண்டும்.

உப்புநீரில் மரம் வாழ்வதே ஒரு சாதனை. வெண்கண்டல் தன் இலைகளிலுள்ள சுரப்பிகள் வழியாக உப்பை வெளியேற்றுகிறது. கையால் தடவினால் உப்புப் பொடி ஒட்டும். காற்றில்லாத சேற்றிலிருந்து மூச்சுவேர்களை மேலே நீட்டுகிறது. சுரபுன்னை தாங்குவேர்களில் எழுந்து நிற்கிறது. அதன் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட குச்சியாகத் தொங்கி, பிறகு சேற்றில் விழுகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர் க. கதிரேசன் 1990களில் பிச்சாவரத்தில் அடையாளம் கண்ட கலப்புச் சுரபுன்னை ஒன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையே தாங்கியிருக்கிறது. கழிமுகத்தின் மேட்டு விளிம்பில் தில்லை வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். சிதம்பரத்தின் பழம்பெயர் இந்த மரத்தினுடையது.

இந்த ஓடைகளின் மேல் சாயும் கிளைகளில்தான் கருந்தலை மீன்கொத்தி அமர்கிறது. கறுத்த தலை, வெள்ளைக் கழுத்துப் பட்டை, ஊதா கலந்த நீல முதுகு, பவளச் சிவப்பு அலகு. தாழ்ந்த கிளையிலிருந்து அசையாமல் நீரைப் பார்த்திருந்து, சட்டென்று பாய்ந்து நண்டையோ மீனையோ பிடித்துத் திரும்பும். இதன் எண்ணிக்கை விரைவாகக் குறைந்துவருவதால், அழிவு அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாக இதையும் அண்மையில் செம்பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊர்க் குளத்து வெண்மார்பு மீன்கொத்தி மின்கம்பியிலும் உட்காரும், வேலியிலும் உட்காரும். கருந்தலை மீன்கொத்தி பெரும்பாலும் கழிமுகக் கிளையை விட்டு அகல்வதில்லை.

இழந்த அலையாத்தியை மீட்க முடியும் என்பதற்கும் பிச்சாவரமே சான்று. முற்காலத்தில் மரங்களைக் கூட்டமாக வெட்டிய இடங்களில் நிலம் தாழ்ந்து குழிந்தது. உள்ளே புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, மண்ணில் உப்பு ஏறியது; கன்று எதுவும் பிழைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். அலை ஏறி இறங்கியது, உப்பு கழுவப்பட்டது, வாய்க்கால் கரைகளில் நட்ட வெண்கண்டல் வேர்பிடித்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வு, மரங்கள் அடர்ந்த கரைக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று காட்டியது. நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும் அதில் எவ்வளவு பங்கு வகித்தன என்ற விவாதம் பின்னர் எழுந்தது. ஆனாலும் மரங்களின் மதிப்பைப் பற்றி மக்கள் பரவலாகப் பேசத் தொடங்கியது அந்த அலைக்குப் பிறகுதான்.

குறிப்பேட்டில் மரம்

பறவை பார்ப்பதற்குத் தேவையானவை குறைவு. எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி, குறிப்பேடு, விடியற்காலை. கழிமுகத்தில் என்றால் கடல்நீர் வற்றும் நேரம் தெரிந்திருக்க வேண்டும். சேறு வெளிப்படும்போதுதான் நண்டுகள் வெளிவரும், அவற்றைத் தேடும் பறவைகளும் தாழ்ந்த கிளைக்கு வரும். கூட்டு மரத்துக்கு அருகே போகவே கூடாது. ஆள் நெருங்கியதும் பெற்றோர் பறவை எழுந்து பறந்தால், வெயிலில் குஞ்சு வாடும், காகம் முட்டையைத் தூக்கிப் போகும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே கைவிட்டிருக்கிறார்கள். பார்வையாளரிடம் எதிர்பார்க்கப்படுவது அதைவிடச் சிறியது: நூறடி தள்ளி நிற்பது, குரலைத் தாழ்த்துவது, படத்துக்காகக் கிளையை ஒடிக்காமல் இருப்பது.

2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பறவை நோக்கர்கள் இபேர்ட் தளத்தில் பதிந்த மூன்று கோடி குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. அதில் 178 இனங்கள் உடனடி அக்கறை தேவைப்படுபவை. அந்தக் குறிப்புகளில் பெரும்பங்கு சாதாரண மக்கள் எழுதியவை. தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததைப் பதிந்தாலே போதும்.

அந்தப் பதிவில் கூடுதலாக இரண்டு வரிகள் சேர்ந்தால் அதன் பயன் பன்மடங்காகும். பறவை எந்த மரத்தில் இருந்தது, அந்த மரம் நீரில் நின்றதா நிலத்திலா என்ற வரிகள் அவை. போளூர் ஏரிக்கரையில் தை மாதக் காலையில் நிற்கும் ஒரு பள்ளி மாணவி, ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களை எண்ணி, எந்தெந்த மரத்தில் நீர்க்காகம் சிறகு உலர்த்துகிறது, எதில் கொக்கு இரவு தங்கிய எச்சம் தெரிகிறது என்று எழுதிவைக்கலாம். அடுத்த ஆண்டும் அதே மரங்களை அவள் எண்ணினால், தூர்வாரும் ஒப்பந்தம் வரும் நாளில் எந்த மரங்களை விட்டுவைக்க வேண்டும் என்று ஊராட்சிக் கூட்டத்தில் எடுத்து வைக்க ஒரு பட்டியல் தயாராக இருக்கும்.